ரூகர் 10/22: முழுதாக வாங்குவதா, பாகம் பாகமாகச் சேர்ப்பதா?

அமெரிக்காவில் முதல் ரைஃபிள் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், பத்தில் ஏழு பேர் கை காட்டுவது ரூகர் 10/22 பக்கம்தான். 1964இல் வந்த மாடல், இன்னமும் தயாரிப்பில் இருக்கிறது. சின்ன .22 எல்ஆர் தோட்டா, செமி ஆட்டோமேட்டிக் (ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, அடுத்தது தானே ஏறும்), தோள் வலிக்காது, தோட்டாச் செலவும் கையைக் கடிக்காது. இதற்கு வெளிக் கம்பெனிகள் போடும் உதிரிபாகங்கள் எவ்வளவு என்றால், ரூகர் பெயர் போட்ட ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல் ஒரு முழு 10/22ஐச் சேர்த்துவிடலாம். அதனால்தான் "கடையில் இருப்பதை வாங்கலாமா, நாமே பாகம் வாங்கிச் சேர்த்தால் மலிவா?" என்ற கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது. மலிவு இல்லை. பட்ஜெட் என்று ஒன்று இருந்தால் சாதா கார்பைனை, அதாவது 10/22இன் அடிப்படை மாடலை, வாங்குங்கள், ட்ரிக்கரை மட்டும் மாற்றுங்கள், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்குங்கள்.

அதற்கு முன்னால் நம் ஆட்களுக்கு ஒன்று. எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் ஃபெடரல் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதே கணக்கில்தான் வரும், "சும்மா ஒரு மணி நேரம்தானே" என்று நினைக்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். மாநிலச் சட்டங்கள் அதற்கு மேலே தனி. குறிப்பாக பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினைச் சில மாநிலங்கள் அனுமதிப்பதில்லை, உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கிறது? சாதா கார்பைனுக்கு 18.5 அங்குல பேரல் (குழல்), எடை 5 பவுண்டு. விலை கடைக்குக் கடை மாறும், தள்ளுபடி நேரத்தில் 300 டாலர் சுற்றுவட்டாரத்தில் பிடித்துவிடலாம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பத்துத் தோட்டா மேகசின். தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்காமல் உள்ளே ஒரு உருளையைச் சுற்றி உட்காரும், .22 தோட்டாவின் விளிம்பு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் தொல்லை அதனால் இல்லை, வெளியே துருத்தாமல் ஸ்டாக்கின் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) அடியோடு சமமாக நிற்கும். மண்ணில் விழுந்தாலும் தட்டிவிட்டுப் போடலாம்.

பிடிக்காதது ட்ரிக்கர். ரைஃபிளின் எடையே 5 பவுண்டு, ட்ரிக்கரை இழுக்க 6 பவுண்டுக்குப் பக்கத்தில் அழுத்தம் வேண்டியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், துப்பாக்கியைத் தூக்குவதைவிட அதிகமாக விரலில் இழுத்தால் குறி நகராமல் என்ன செய்யும்? புதிதாகச் சுடுகிறவர்கள் "எனக்குக் குறி வரவில்லை" என்று நொந்துகொள்வதில் பாதி இந்த ட்ரிக்கர் செய்யும் வேலை. அடுத்தது, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உலோகக் கட்டையான போல்ட்டைப் பின்னால் நிறுத்தி வைக்கும் அந்தச் சின்ன லீவர். நிறுத்துவது ஒரு வித்தை, விடுவிப்பது இன்னொரு வித்தை, போல்ட்டையும் இழுத்துக்கொண்டு லீவரையும் சரியான இடத்தில் அமுக்க வேண்டும், பழகும்வரை மூன்றாவது கை இருந்தால் தேவலை என்று தோன்றும். போல்ட்டும் ட்ரிக்கரும் உட்காரும் நடுக்கூடான ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது, இழுத்து எடுக்கும் கயிறுதான் வசதி.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள், அதுவும் மலிவாக. ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிக்கர் 90 டாலர் பக்கம், இழுவை 3 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். மாற்றுவதற்கு ஆள் தேடிப் போக வேண்டாம். மேகசினை எடுத்து, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பேரலை ஸ்டாக்கோடு பிடிக்கும் வளையமான பேரல் பேண்டையும் அடி ஸ்க்ரூவையும் கழற்றினால் ஸ்டாக் வந்துவிடும். வரவில்லை என்றால் முறுக்காதீர்கள், சேஃப்டி பொத்தான் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு மரத்தில் இடிக்கும், அதைப் பாதியில் நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு வரும். ட்ரிக்கர் பகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களும் அவ்வளவு தளர்வு, ரிசீவரைச் சாய்த்தாலே கீழே விழுந்து மேசைக்கடியில் ஓடும். அதனால் ஒரு துண்டை விரித்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் போல்ட் பின்னால் போய் மோதும் இரும்புப் பின்னுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பஃபர், பத்து டாலர் சமாச்சாரம், அந்த டங்கென்ற உலோகச் சத்தம் போய்விடும். போல்ட்டை லேசாக இழுத்துவிட்டாலே விடுபடும் ஆட்டோ போல்ட் ரிலீஸும் சில்லறைக் காசுதான். ஆக 420 டாலருக்குள் குறை சொல்ல முடியாத ஒரு ரைஃபிள்.

இப்போது பாகம் பாகமாகச் சேர்க்கும் கணக்கு. நல்ல ரிசீவர் 150இலிருந்து 200, பேரலும் அதே அளவு, போல்ட் 100க்கு மேல், ட்ரிக்கர் 90இல் ஆரம்பித்து கிட் (Kidd), வோல்க்வார்ட்சன் மாதிரிக் கம்பெனிகள் பக்கம் போனால் 300 வரை. மேக்புல் கம்பெனியின் ஸ்டாக் ஒன்று 140 பக்கம், மேகசின் தனி. எப்படிச் சுருக்கினாலும் 600ஐத் தாண்டும், மனசு கொஞ்சம் அலைந்தால் 1000. ரிசீவர்தான் சட்டப்படி துப்பாக்கி, ஆன்லைனில் வாங்கினாலும் லைசென்ஸ் உள்ள டீலர் கடைக்குத்தான் வரும், வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம், பின்னணிச் சோதனை, டீலருக்குக் கட்டணம் எல்லாம் உண்டு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: முழு ரைஃபிளை 18 வயதில் டீலரிடம் வாங்க ஃபெடரல் சட்டம் விடும், வெறும் ரிசீவருக்கு 21 ஆக வேண்டும். கம்பெனி மொத்தமாகச் செய்து கோர்த்து அனுப்புவதோடு, ஒவ்வொரு பாகத்தையும் சில்லறை விலைக்கு, தபால் செலவோடு வாங்கும் நாம் போட்டி போட முடியாது.

அப்படியானால் சேர்ப்பது வீண் வேலையா? இல்லை, ஒரே ஒரு சூழ்நிலையில் அதுதான் புத்திசாலித்தனம். உங்களுக்கு வேண்டியது .920 அங்குல கனப் பேரல், போட்டிக்கான இறுக்கமான மேட்ச் சேம்பர், முதலில் லேசாக நகர்ந்து பிறகு சுடும் இரண்டு கட்ட ட்ரிக்கர் என்று முதலிலேயே தெளிவாக இருந்தால், கடை ரைஃபிளை வாங்கிப் பயனில்லை. கனப் பேரல் போட்டால் பழைய ஸ்டாக் பொருந்தாது, ஸ்டாக்கும் போகும். ட்ரிக்கரும் போகும், போல்ட்டும் போகும். கடைசியில் மிஞ்சுவது ரிசீவர் மட்டும். கழற்றிய பாகங்களை விற்றுக்கொள்ளலாம் என்பார்கள், நம்பாதீர்கள், எல்லோரும் அதே பேரலைக் கழற்றி அதே இடத்தில் விற்கிறார்கள், தபால் செலவுகூடத் தேறாது. இதற்குப் பதில், பின்னால் சுத்தம் செய்ய ஓட்டை, மேலேயே ஸ்கோப் மாட்டும் ரெயில் எல்லாம் வைத்த வெளி ரிசீவரில் ஆரம்பிப்பது நல்லது. சேர்ப்பதும் எளிது, பேரலைப் பிடிப்பது ஒரு வி வடிவக் கட்டையும் இரண்டு ஆலன் ஸ்க்ரூவும்தான். ஆனால் அந்த இறுக்கமான சேம்பர் மலிவுத் தோட்டாவை விழுங்காது, அழுக்கு சேர்ந்ததும் அடம்பிடிக்கும். சேர்த்தும் மாட்டேன், சாதாவும் வேண்டாம் என்பவர்களுக்கு பெர்காரா கம்பெனியின் பிஎக்ஸ்ஆர் ரைஃபிள் ஒரு நடுவழி, ரூகர் மேகசினையே ஏற்கும்.

நான் பார்த்தவரை, குறியட்டையில் குண்டுகள் விழும் குழுவின் அளவை அதிகம் மாற்றுவது பேரல் அல்ல, தோட்டா. .22 ரைஃபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. ஐந்தாறு வகையில் ஐம்பது தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்கி, பெஞ்சில் தாங்கி வைத்து 50 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். மொத்தப் பெட்டியில் வரும் மலிவுத் தோட்டாவில் சிதறும் அதே சாதா கார்பைன், சிசிஐ கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவில் ஒழுங்காகச் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். நொடிக்கு 1070 அடி, ஒலியின் வேகத்துக்குக் கீழே, விலையும் தாங்கக்கூடியது. இருநூறு டாலர் பேரலின் காசுக்கு இதில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரவுண்டு வரும், அவ்வளவையும் கவனமாகச் சுட்டு முடித்தவருக்குப் பேரல் வேண்டுமா இல்லையா என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. புராஜெக்ட் ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சி முகாம்களுக்குப் போனால் வரிசையாகப் படுத்திருப்பவர்களில் பலர் கையில் இதே 10/22தான், ஸ்லிங் (தோள் வார்), துளை வழியாகப் பார்க்கும் குறி, ஆட்டோ போல்ட் ரிலீஸ், அவ்வளவுதான் மாற்றம்.

வாங்கவே கூடாத உதிரி ஒன்று உண்டென்றால் பெயர் தெரியாத கம்பெனிகளின் மலிவு 25 தோட்டா மேகசின். எனக்கு வந்தது மூன்றாவது தோட்டாவிலேயே மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மாட்டும், ஸ்ப்ரிங்கைச் சுற்றி இறுக்கினால் ஏழாவதில் மாட்டும். பெரிய மேகசின் உங்கள் மாநிலத்தில் சரி என்றால் ரூகரின் பிஎக்ஸ்-25, இல்லாவிட்டால் சாதா பத்துத் தோட்டாவில் இன்னும் இரண்டு. ஸ்கோப் போடுகிறவர்கள் மவுண்ட் தேடி அலைய வேண்டாம், சாதா கார்பைனோடு ஸ்கோப் பேஸ் பெட்டியிலேயே வரும். அட்டைக்கடியில் பூட்டோடு சேர்ந்து கிடக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.