எஸ்கேப் சிமுலேட்டர்: பைக்குள் போடாதீர்கள், மேசையில் வையுங்கள்

பூட்டிய அறைக்குள் புதிர்களைத் தீர்த்து வெளியே வரும் கணினி கேம், எஸ்கேப் சிமுலேட்டர். அதில் எனக்கு இன்றுவரை ஒத்துவராத ஒன்று, இன்வென்ட்ரி என்ற பை. அறையில் கிடக்கும் சாவியையோ சீட்டையோ எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். தனியாக ஆடும்போது இதில் ஒரு குறையும் இல்லை. கூட இன்னொருவர் வந்துவிட்டால், அவர் பைக்குள் போட்ட பொருள் என் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அப்படி ஒன்று அறையில் இருந்தது என்பதே எனக்குத் தெரியாமல் போகிறது.

குரோஷியாவின் பைன் ஸ்டூடியோ 2021 அக்டோபரில் வெளியிட்ட கேம் இது. எகிப்து, விண்வெளி, பழைய மாளிகை, ஒமேகா என்ற மர்ம நிறுவனம் என்று முதலில் வந்த அறைகளை ஆடியவர்களுக்கு அடிப்படை எல்லாம் தெரிந்திருக்கும். வார இறுதி இரவுகளில் நாங்கள் ஒரே கூட்டமாக வருடக்கணக்கில் ஆடிவருகிறோம். விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு என் சித்தி மகன், "அண்ணா, ஹாஸ்டல்ல எட்டுப் பேர் சேர்ந்து ஆடலாம்னு இருக்கோம், வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

போன வாரம் நடந்தது இது. விண்வெளி அறை ஒன்றில் நான்கு பேர் இருந்தோம். ஒரு பெட்டியைத் திறக்க ஏதோ ஒரு துண்டு குறைகிறது. மூன்று பேர் தரை, அலமாரி, மூலை முடுக்கு எல்லாம் அலசினோம். எல்லாப் பொருளையும் தூக்கித் திருப்பிப் பார்த்தோம். பொறுமை போய் ஹின்ட் கேட்கப்போகும் நேரத்தில் நான்காமவர், "இந்த உலோகத் துண்டா? வந்தவுடனே கீழே கிடந்துச்சு, எடுத்து வச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பைக்குள் போட வழி கொடுத்தால் யாரும் போடத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இடத்தில் எங்களைத் தடுத்து நிறுத்தியது புதிர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நிஜ எஸ்கேப் ரூமில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை. இந்த வகை ஆட்டமே திரையில் பிறந்து அறைக்குப் போனது. 2004இல் தோஷிமித்சு தகாகி செய்த கிரிம்சன் ரூம் என்ற, பிரவுசரிலேயே ஆடும் ஃபிளாஷ் கேம் உலகம் முழுக்கப் பரவியது. 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் ஸ்க்ராப் நிறுவனத்தின் தகாவோ காதோ, ஆட்களை நிஜமான அறைக்குள் விட்டு ஆட வைத்தார். அங்கே நான் ஒரு சாவியைக் கையில் வைத்திருந்தால் கூட இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அனுபவப்பட்டவர்கள் உள்ளே போனதும் சொல்லும் முதல் வார்த்தையே, கிடைத்ததையெல்லாம் ஒரே மேசையில் கொட்டுங்கள் என்பதுதான். கண்ணெதிரே கிடக்கும் இரண்டு பொருளை ஒருவர் சேர்த்துப் பார்ப்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. அறையிலிருந்து மறுபடியும் திரைக்கு வந்தபோது அந்த மேசை கழன்றுபோய், பை மட்டும் ஒட்டிக்கொண்டது.

மறைப்பதே ஆட்டமாக இருந்தால் அதை நான் மனதார ரசிப்பேன். வீ வேர் ஹியர் என்ற கேம் வரிசையில் இரண்டு பேரையும் கோட்டையின் வேறு வேறு பகுதியில் பிரித்துவிட்டு, கையில் ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுக்கிறார்கள். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும். நான் பார்க்கும் சின்னத்தை அவர் பார்க்க மாட்டார், அதை வாயால் விவரித்தாக வேண்டும். அங்கே புதிரே அந்த மறைப்பில்தான் இருக்கிறது. எஸ்கேப் சிமுலேட்டரிலோ எல்லோரும் ஒரே அறையில் நிற்கிறோம். இங்கே பொருளை மறைத்து யாருக்கு என்ன லாபம்?

சரி, கோபத்தை இறக்கி வைத்துவிட்டு மற்றக் கருவிகளைப் பற்றி நியாயமாகச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் முதலிடம் குப்பைத்தொட்டிக்குத்தான். வேலை முடிந்த சாவி, படித்து முடித்த சீட்டு எல்லாவற்றையும் அதில் வீசிவிடலாம். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பாதி நேரத்தைத் தின்பது, "இந்தச் சாவியை ஏற்கெனவே போட்டாச்சா?" என்ற கேள்வி. தொட்டியில் ஒரு பொருள் விழுந்ததும் அந்தக் கேள்வி தீர்ந்தது. அறையில் மிச்சம் இருப்பது எல்லாம் இனிமேல் தேவைப்படும் பொருள். வேலை முடிந்ததை உடனுக்குடன் அப்புறப்படுத்தும் ஒருவர் அணியில் இருந்தால், மற்றவர்களின் மூளை பாதி லேசாகிவிடும். இந்த ஒரு யோசனைக்காகவே அந்த ஸ்டூடியோவைக் கட்டித் தழுவலாம்.

அடுத்தது, சீட்டைத் திரையில் குத்தி வைக்கும் பின். பூட்டின் எண்களைத் திருப்பிக்கொண்டே குறிப்பையும் படிக்கலாம் என்பதால் காகிதம் பேனா தேடி எழுந்து போகும் வேலை மிச்சம். பொருளைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்ப்பதும் இதற்குச் சமமானதுதான். முதுகையும் அடிப்பக்கத்தையும் பார்க்காமல் எதையும் கீழே வைக்கக் கூடாது என்பதைப் புதியவர்கள் முதல் அறையிலேயே பழகிக்கொள்வது நல்லது. ஹின்ட் பரவாயில்லை ரகம். டைமரை நான் பொருட்படுத்துவதே இல்லை. 15 நிமிடம் ஓடி முடிந்தாலும் ஆட்டம் நிற்காது, யாரும் நம்மை வெளியே தள்ளப்போவதும் இல்லை. இன்வென்ட்ரி கடைசி இடத்தில்.

ஆடும் முறைகளில் என் முதல் ஓட்டு இரண்டு பேருக்கு. அதிலும் ஒருவர் தேட, ஒருவர் யோசிக்க என்று வேலை பிரிப்பதைவிட, இருவரும் ஒரே புதிர் முன்னால் நின்று சத்தமாக யோசிப்பது எவ்வளவோ மேல். கூட ஆடுபவர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை நான் முடிக்க, பூட்டு திறக்கும் அந்த நொடிக்காகத்தான் இத்தனை வருடமும் இதை விடாமல் ஆடுகிறேன். மூன்று பேர் என்றாலும் சமாளிக்கலாம். தனியாக ஆடுவது அதற்கு அடுத்து. அமைதியாக, ஆழமாக இருக்கும், பையும் தொந்தரவு செய்யாது. நான்குக்கு மேல் போனால் ஒருவர் புதிரைத் தீர்த்துவிட்ட செய்தியே மற்றவருக்கு வந்து சேராது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இந்தக் கேமின் பக்கத்திலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் பரிந்துரைக்கிறார்கள், அது உண்மை.

வேகமாக முடிப்பதே திறமை என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களைவிட டோக்கன் தேடுகிறவர்களை நான் மேலே வைப்பேன். ஒவ்வொரு அறையிலும் எட்டு டோக்கன்கள் ஒளிந்திருக்கும். அதற்காக ஜாடியை உடைத்து, மேசைக்கு அடியில் குனிந்து, அலமாரியின் பின்பக்கம் எட்டிப் பார்ப்பவர்தான் அறையைச் செய்தவரின் உழைப்பை முழுசாகப் பார்க்கிறார். ஒரு மாளிகையை இவ்வளவு நுணுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள், அதைப் பத்து நிமிடத்தில் ஓடிக் கடப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அப்புறம், நாமே அறை செய்ய உதவும் ரூம் எடிட்டர். கேமுடனே வருகிறது. அதில் ஆட்கள் செய்து, ஸ்டீமில் பகிர்வதற்கென்றே இருக்கும் வொர்க்‌ஷாப்பில் போட்ட அறைகள் ஆயிரக்கணக்கில் குவிந்துகிடக்கின்றன, எல்லாம் இலவசம். பாதி சுமார்தான். ரேட்டிங் பார்த்து எடுத்தால் அசல் அறைகளையே தூக்கிச் சாப்பிடும் சிலது கையில் சிக்கும். போர்ட்டல் என்ற புகழ்பெற்ற புதிர் கேமை வைத்து 2023இல் வந்த அறையும் இலவசம்தான், தவற விடாதீர்கள். 2025இல் இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்றாலும், புதிதாகத் தொடங்குகிறவர் முதல் பாகத்தில் கை பழகிவிட்டுப் போவதே சரி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்லது பத்து, கெட்டது ஒன்று. இருந்தும் தம்பியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஆளுக்கு ஒரு பிரதி வாங்க வேண்டும். எட்டுப் பேரின் காசைக் கொடுத்து, எட்டுப் பைகளில் எது எங்கே இருக்கிறது என்று கத்திக்கொண்டிருப்பதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு பேராக ஆடப்போகிறவர்கள் தள்ளுபடிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், முழு விலைக்கே தகும்.

எட்டுப் பேரும் பிடிவாதமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. இரண்டு இரண்டாகப் பிரிந்து, நான்கு அணியும் ஒரே அறையைத் தனித்தனியே ஒரே நேரத்தில் தொடங்குங்கள். எந்த அணி முதலில் வெளியே வருகிறது என்று பார்க்கலாம். இன்வென்ட்ரியை யாரும் தொடக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். எடுத்தது எல்லாம் மேசைக்கு, முடிந்தது எல்லாம் தொட்டிக்கு.