இரிடியமா, டிஏடிஎஃப்பா?

வெள்ளவத்தையில் என்னிடம் இரசாயனவியல் படித்த இரு பிள்ளைகளுக்கு ஒரே குழப்பம்: ஓஎல்ஈடி (மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிரும் சேதனப் படலம்) ஆய்வுக்கு எந்த மூலக்கூறை எடுப்பது, இரிடியம் உலோகம் கொண்டதையா, டிஏடிஎஃப் (வெப்பத்தின் உதவியால் தாமதமாக ஒளிரும்) வகையையா? மின்னோட்டத்தால் மூலக்கூறில் உண்டாகும் அருட்டிய (சக்தி கூடிய) நிலைகளில் 25% ஒற்றை (எளிதில் ஒளிரும்), 75% மும்மை (வழக்கமாக ஒளிராமல் வீணாகும்). அந்த 75ஐ ஒளியாக்குவதில்தான் போட்டியே.

வினைத்திறன்
இரிடியம்: பார உலோகம் என்பதால் மும்மையிலிருந்தே ஒளி வரும்.
டிஏடிஎஃப்: அறை வெப்பமே மும்மையை ஒற்றைக்கு ஏற்றிவிடும்.
உள்வினைத்திறன் (செலுத்திய இலத்திரன்களுக்கு உள்ளே எவ்வளவு ஒளி பிறக்கிறது என்ற விகிதம்) இரண்டிலும் 100 சதவீதத்தை நெருங்கலாம்.

செலவு
இரிடியம் அரிய உலோகம். டிஏடிஎஃப்புக்கு உலோகமே தேவையில்லை.

வடிவமைப்பு
டிஏடிஎஃப்தான் எனக்குப் பிடித்தது. பந்து-குச்சி மாதிரியில் கார்பசோலை (இலத்திரன் வழங்கும் வளையத் தொகுதி) மெல்லத் திருப்பிக் காட்டினேன். இலத்திரன் வழங்கும் பகுதியும் வாங்கும் பகுதியும் முறுக்கிக்கொண்டால் ஒற்றை-மும்மை சக்தி இடைவெளி குறையும்; மும்மையை ஒற்றைக்கு ஏற்றுவது எளிதாகும். அளவுக்கு மீறி முறுக்கினால் ஒளியே மங்கிவிடும். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக அடாச்சி குழு 2012இல் நான்கு கார்பசோல் கொண்ட மூலக்கூறில் இந்தச் சமநிலையைப் பிடித்தது.

ஆயுள்
சிவப்பிலும் பச்சையிலும் இரிடியம் கைப்பேசித் திரைகளிலேயே நிலைத்துவிட்டது. நீலம் இரண்டுக்கும் தலைவலி.

சரி, எது யாருக்கு? நம்பகமான சாதனம் செய்து அளக்க வேண்டுமென்றால் இரிடியம். கணினியில் மூலக்கூறு வரைந்து புதிதாகத் தேட ஆசையென்றால் டிஏடிஎஃப்.