வீட்டு ஷெட்டுக்கு எந்த லிஃப்ட்: ரெண்டு தூணா, சிசரா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீட்டிலேயே கார் வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு காரைத் தூக்க, இரண்டு பக்கமும் தூண் நின்று கைகளால் தூக்கும் லிஃப்டா, கத்தரிபோல மடங்கி விரியும் சிசர் லிஃப்டா என்ற குழப்பம் வரும்.

உயரம்: தூண் லிஃப்டில் நின்றபடியே அடியில் வேலை செய்ய 11, 12 அடி கூரை வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சிசர் பெரும்பாலும் பாதி உயரம்தான் தூக்கும், தாழ்ந்த ஷெட்டுக்குச் சரி.

தரை: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தூண் முழுக்க தரையில் துளையிட்டு இறுக்கும் ஆங்கர் போல்ட்டை நம்பி நிற்பதால், குறைந்தது 4 அங்குல நல்ல கான்கிரீட் இல்லாமல் டைல்ஸ் மேலேயோ பழைய சிமென்ட் பூச்சிலேயோ அடித்தால் காரோடு சாய்ந்துவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிசர் எடையைப் பரப்பி உட்காரும்.

வேலை: தூணில் கியர்பாக்ஸ், சைலன்சர் வரை கை போகும். சிசரில் டயர், பிரேக் சுலபம், நடுப்பகுதியை மேடை மறைக்கும்.

மழை, உப்புக்காற்று: சிசரின் மூட்டுகளும் சிலிண்டரும் தரையோடு கிடப்பதால், தண்ணீர் ஏறும் தெருவில் சீக்கிரம் துருப்பிடிக்கும். தூணில் மோட்டார் மேலே இருக்கும்.

வாடகை இடம், சின்னச் சின்ன வேலை என்றால் சிசர். சொந்த இடம், உயர்ந்த கூரை, கிளட்ச் வரை இறக்குவீர்கள் என்றால் தூண்தான். எதுவானாலும், லிஃப்ட் கீழே இறங்காமல் தாங்கும் லாக் 'டக்' என்று விழுந்து, கார் அதன்மேல் உட்கார்ந்த அப்புறம்தான் அடியில் போங்கள்.