பத்திர எழுத்தர் தூரிகை பிடித்தால்: நூலக ஓவிய வகுப்பில் ஒன்றே முக்கால் வருஷம்

வேலூரில் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. "கிழக்கே பொது வழி, மேற்கே ஏரிக்கால்வாய், இதற்குட்பட்ட" என்று 26 வருஷமாக நாலெல்லை எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் அதன் ஓரம்தான் முதலில் கண்ணில் படும். 49 வயதில் ஓவிய வகுப்பில் சேர்ந்தபோது என் காலை வாரிவிட்டதும் அதுதான்.

மகளுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் எடுக்க எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: பெரியவர்களுக்கான ஓவிய வகுப்பு, ஞாயிறு காலை 10 முதல் 12 வரை, கட்டணம் இல்லை, வாசகர் வட்டம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று தனியாகப் பிடிக்கிறார்களே, வருஷா வருஷம் கட்டுகிறோமே, ஒரு தடவையாவது வசூல் பண்ணிவிடுவோம் என்றுதான் பெயர் கொடுத்தேன். நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். எனக்குத் தூரிகை வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சொல்லிக்கொடுப்பவர் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் பாதிப் பேர் அவரைவிட ஐந்தாறு வயதுதான் இளையவர்கள். இருந்தாலும் அவர் "மாஸ்டர்", நாங்கள் எல்லாரும் "சார்", "மேடம்". ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், சத்துவாச்சாரியில் மெஸ் நடத்துகிறவர், கணவன் மனைவி ஒரு ஜோடி, நான். கூட்டம் எட்டைத் தாண்டியதில்லை.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு கத்திரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்தான், புவிசார் குறியீடு வாங்கினதே, அதே காய். மேஜை மேல் வைத்து "வரைங்க" என்றார். 2B பென்சிலால் அழுத்தி ஓரம் கட்டினேன், காம்பு முள்ளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன், உள்ளே ஊதாவை அடைத்தேன். பளபளப்புக்கு வெள்ளை டியூப்பைத் திறந்தேன். மாஸ்டர் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வெள்ளை தாள்லயே இருக்கு சார். அதைத் தொடாம விடறதுதான் வேலை." பிறகு என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கிரயப் பத்திரம் இல்ல சார். நாலெல்லை போடாதீங்க" என்றார். நர்ஸ் அக்கா சிரித்த சிரிப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து முறைத்தார்.

அவர் முறைத்ததில் நியாயம் இருக்கிறது. தனி அறை கிடையாது. நாளிதழ் மேஜைகளில் இரண்டைத்தான் எங்களுக்கு ஒதுக்கித் தருகிறார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நாங்கள் பேசினால் அவர்களுக்குத் தொல்லை, ஃபேனை நிறுத்தச் சொன்னால் பெரியவர்களுக்குத் தொல்லை. தண்ணீருக்கு வெளியே குழாய்க்குப் போக வேண்டும். தாள், வண்ணம் வைக்கும் அலமாரியின் சாவி நூலகரிடம். அவர் லீவு போட்டால் அன்றைக்குக் கையில் கொண்டுபோனதுதான். கூரை ஒழுகியதால் இரண்டு மாதம் வகுப்பே நடக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மூன்று ஞாயிறு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாஸ்டருக்கு உடம்பு முடியாத வாரங்களில் மாற்று ஆளும் கிடையாது. இலவசம்தானே என்று இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மேலே சொன்ன பத்துப் பைசாவை நான் மறக்கவில்லை.

ஆயில் பெயிண்ட் ஆசை இருப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. டர்பன்டைன் வாசனை வந்தால் எங்களைப் புத்தகத்தோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள். வாட்டர் கலர்தான், எப்போதாவது அக்ரிலிக்.

வாட்டர் கலருக்கு வேலூர் வெயில் ஜென்ம விரோதி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் போகும் ஊரில், வானத்துக்கு நீலத்தை இழுத்துக்கொண்டு வலது ஓரம் போய்ச் சேருவதற்குள் இடது ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் இரண்டு பக்கமும் நனைத்து, பிளாஸ்டிக் அட்டை மேல் ஒட்டவைத்துவிட்டு வரையச் சொன்னார் மாஸ்டர். கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஐப்பசி மழையில் நேர்மாறு, பத்து மணிக்குப் போட்ட வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்துப் பரப்பிய வண்ணம், பதினொன்றரைக்கும் ஈரம்.

ஒரு ஞாயிறு எல்லாருமாக ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டுக்குப் போய் அர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். பெரும்பகுதி சிதைந்து, துண்டு துண்டாக நிறம்தான் மிச்சம். சுமார் 1,200 வருஷப் பழசு. மாஸ்டர் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை.

எனக்கு ஏதோ பிடிபட்டது கோட்டையில்தான். மூன்று மாதம், விடிகாலை ஆறரைக்கு அகழி ஓரம் உட்கார்ந்தோம். கருங்கல் சுவர்தானே என்று கறுப்பில் தண்ணீர் கலந்து அடித்தேன். தார் பூசின மாதிரி இருந்தது. மாஸ்டர் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் தட்டில் கலந்து காட்டினார். சாம்பல் வந்தது. சியன்னா கூடினால் வெயில் பட்ட கல், நீலம் கூடினால் நிழல் விழுந்த கல். அதற்குப் பிறகு கறுப்பு டியூப்பை நான் திறக்கவில்லை. சுவர் முடிந்து அகழி தொடங்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் பென்சில் எடுத்தேன். "அங்க கோடு இருக்கா, பாருங்க" என்றார். பாசித் தண்ணீரில் சுவரின் நிழல் இறங்கிக் கலங்கிக் கிடந்தது. ஈரத்தோடு ஈரமாக இரண்டு நிறத்தையும் ஓட விட்டேன். எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் படத்தை நாளிதழ் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்து, "கோட்டைதான், சரியா இருக்கு" என்றார். முறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

மனித முகம் இன்னும் எனக்கு வரவில்லை. மெஸ் நடத்தும் அக்கா ஆறே மாதத்தில் வரைந்துவிட்டார்.

சேர நினைப்பவர்களுக்கு: வண்ணத்தில் சிக்கனம் பிடியுங்கள், மாணவர் தரக் கேமல் டியூப்பே போதும். தாளில் வேண்டாம். நான் முதல் ஆறு மாதம் மெல்லிய டிராயிங் நோட்டில் வரைந்து, தாள் அப்பளமாய் நெளிந்ததற்கு என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 300 ஜிஎஸ்எம் கனத் தாள் வாங்கியதும் நெளிவு போனது. 6ஆம் எண், 12ஆம் எண் ரவுண்ட் பிரஷ் இரண்டு, துடைக்கப் பழைய வேட்டித் துண்டு, குழாய்க்கு நடக்கும் நடையைக் குறைக்க இரண்டு தண்ணீர் டப்பா. சித்திரை, வைகாசியில் மட்டும் வந்து சேராதீர்கள், வண்ணம் காய்ந்து விழும் கோடுகளைப் பார்த்து இரண்டே வாரத்தில் ஓடிவிடுவீர்கள். ஆடி பிறந்ததும் வாருங்கள்.