நாள் முழுக்க நின்று வேலை: வெரிகோஸ் சாக்ஸ், எம்சிஆர் செருப்பு, ரப்பர் பாய் — மாதக்கணக்கில் பயன்படுத்தினால் எது நிற்கும்?

காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நிற்கிற ஜவுளிக்கடை ஊழியர்களுக்குக் காலில் இரண்டு தொல்லைகள் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏதோ ஒரு பொருளை வாங்குவதால்தான் காசு வீணாகிறது. ஒன்று வீக்கம்: சாயங்காலம் செருப்பு வார் தடம் பதிந்திருக்கும், கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழும். மற்றது வலி: குதிகாலிலும் உள்ளங்காலிலும் இருக்கும், காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே சுளீரென்று குத்தும். வீக்கம் அசையாமல் நிற்பதால் வருகிறது. வலி பெரும்பாலும் கிரானைட், டைல்ஸ் தரையாலும் தேய்ந்த செருப்பாலும் வருகிறது. முதலாவதற்கு சாக்ஸ், இரண்டாவதற்குச் செருப்பும் இன்சோலும்.

காலில் இருந்து ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு கெண்டைக்கால் தசைதான். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். மணிக்கணக்கில் அந்த 90 அப்படியே நிற்கும்போது ரத்தத்திலுள்ள நீர் கசிந்து சதைக்குள் தேங்குகிறது. ஆடித் தள்ளுபடி நாட்களில் ஓடி ஓடி வேலை செய்பவருக்கு வீங்குவதைவிட, கூட்டமில்லாத மதியத்தில் ஒரே கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு அதிகம் வீங்குவது இதனால்தான்.

மருந்துக்கடையில் ‘வெரிகோஸ் சாக்ஸ்’ என்று கேட்டால் கிடைப்பது கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் நெய்த காலுறை. நோய் எதுவும் இல்லாமல் நின்று வீங்குகிற கால்களுக்கு 15–20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதே போதும். 20–30 மருத்துவர் சொன்னால் மட்டும். தொடை வரை போகிற நீளம் தேவையில்லை, முழங்காலுக்குக் கீழ் முடிவதே நல்லது. தொடை அளவுக்கானது நடக்க நடக்கச் சுருண்டு இறங்கும்.

அளவைக் காலையில் எழுந்த உடனே எடுக்க வேண்டும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம்: இந்த மூன்றும் வேண்டும். வேலை முடிந்து வீங்கிய காலோடு கடைக்குப் போய் அளந்தால் ஒரு சைஸ் பெரிதாகக் கிடைக்கும், கணுக்காலில் பிடிக்கவே பிடிக்காது. செருப்பு எண்ணைச் சொல்லி வாங்குவது அதைவிட மோசம்.

பெண்களுக்கு விரல் திறந்த மாடலைத்தான் பரிந்துரைப்போம். மூடிய மாடலில் மெட்டி மாட்டி நூல் பிரியும், விரல் கோர்க்கும் செருப்பும் போட முடியாது, சித்திரை வெயிலில் விரலிடுக்கு வேர்த்துச் சேற்றுப்புண் வரும். கொலுசைக் கழற்றிவிடுவது நல்லது: உள்ளே இருந்தால் சதையில் பதியும், மேலே போட்டால் துணியைக் கிழிக்கும். புடவைக்குள் சாக்ஸ் தெரியாது.

போடுவதற்கும் முறை இருக்கிறது. கையை உள்ளே விட்டு, குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்ட வேண்டும். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்கார வைத்த பிறகு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தேய்த்து ஏற்ற வேண்டும். மேல் பட்டையைப் பிடித்து இழுத்தால் பட்டைதான் முதலில் தளரும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் வேலை பாதியாகும். காலையில் காலுக்கு எண்ணெய் தடவக் கூடாது, அதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். பித்தவெடிப்பு இருந்தால் சொரசொரப்பைத் தேய்த்துவிட்டுப் போடவும்.

நீளம் மிஞ்சுகிறது என்று மேல் பட்டையை மடித்துவிடுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கிற தவறு. மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிக் கயிறு கட்டியது போல ஆகிவிடும், அதற்குக் கீழே முன்பைவிட அதிகம் வீங்கும். பட்டை முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும், மடிந்தும் சுருங்கியும் இருக்கக் கூடாது. கணுக்காலுக்கு மட்டும் போடுகிற எலாஸ்டிக் பட்டையும் இதே கோளாறைத்தான் செய்கிறது: கணுக்கால் வற்றும், பாதம் புடைக்கும்.

முதல் வாரம் அரிப்பும் இறுக்கமும் இருக்கும். அந்த வாரம் மதியம் வரை மட்டும் போட்டுப் பழகினால் கைவிட மாட்டார்கள். விரல் மரத்துப் போனாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றுங்கள், அது பழகிவிடுகிற விஷயம் அல்ல. இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடவும். சாதாரண சோப்பில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, நிழலில் காயப்போட வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் எலாஸ்டிக்கைக் கொல்லும். தினமும் போட்டால் ஏறத்தாழ ஆறு மாதம் உழைக்கும். போடுவது சுலபமாகிவிட்டதே என்று மகிழ்ச்சி வருகிற நாளில் அதன் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். இரவு தூங்கும்போது வேண்டாம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும், சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து நின்றுவிடுபவர்களும், கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

செருப்புக்கு வருவோம். ஈவிஏ எனப்படும் இலேசான வெள்ளை நுரை இன்சோல் முதல் மாதம் சொர்க்கம். தினம் பத்து மணி நேரம் நிற்பவருக்குச் சில மாதங்களில் குதிகால் இடம் அப்பளமாகிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், எழும்பி வரவில்லை என்றால் மாற்றுங்கள். பாலியூரித்தேன் இன்சோல் விலை கூட, ஆனால் பள்ளம் விழ நாளாகும். சிலிக்கான் ஜெல் முழுப் பாதத்துக்கு வேண்டாம், வழுக்கும், வேர்க்கும். குதிகாலுக்கு மட்டும் வைக்கிற ஜெல் கப் நன்றாகவே உதவுகிறது, ஒரு காலில் மட்டும் வலித்தாலும் இரண்டிலும் வைக்க வேண்டும். ஷூவில் ஏற்கெனவே இருக்கும் இன்சோலை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்தால் குதிகால் மேலெழும்பிக் கழன்றுகொண்டே இருக்கும்.

ஷூ கட்டாயமில்லாத கடைகளில் நம் தேர்வு பின்வார் வைத்த எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) செருப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கிறார்கள், நின்று வேலை செய்கிற யாருக்கும் பொருந்தும். மேலே மிருதுவான ரப்பர், கீழே கடினமான அடித்தகடு இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க மிருதுவாக இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து தேயும். செருப்பை மட்டும் சாயங்காலம் வாங்குங்கள், வீங்கிய கால்தான் அதன் உண்மையான அளவு.

களைப்பு நீக்கும் ரப்பர் பாய் கேஷியர், தோசை மாஸ்டர் போல ஓரிடத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே பலன் தரும். 18–20 மில்லிமீட்டர் கனம் போதும், ஓரம் சரிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தடுக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு நிற்பது சில நாளுக்கு இதம், ஈரம் பட்டால் வழுக்கும். கவுண்டருக்கு அடியில் 10–15 சென்டிமீட்டர் உயரப் பலகை ஒன்று வைத்து ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றுவது செலவில்லாதது. அரை மணிக்கு ஒருமுறை 20 தடவை குதிகாலை உயர்த்தி இறக்குவதை நாற்காலி கிடைக்காத நாளில் விடவே கூடாது.

நாற்காலி கிடைக்க வேண்டும் என்பது சட்டம். கோழிக்கோட்டில் விஜி என்பவரும் அவருடைய ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் உட்காரும் உரிமைக்காகப் போராடிய பிறகு 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் 1947ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்கிற வேலையை உட்கார்ந்தே செய்யலாம், முதலாளியிடம் கேட்க அதுவே நல்ல தொடக்கம். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் வீக்கம் குறையாது, சிறுநீர்த் தொற்றுதான் வரும்.

வீட்டில், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை அடுக்கி, பாதம் நெஞ்சைவிட உயரமாக 15–20 நிமிடம். வெந்நீரில் கால் வைப்பது வலிக்கு இதம், ஆனால் சூடு ரத்தக்குழாயை விரிப்பதால் வீக்கத்தைக் கூட்டும். வீங்கிய நாளில் குளிர்ந்த நீரே சரி. குதிகால் வலிக்குக் காலையில் தரையில் கால் வைக்கும் முன் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 நொடி, பத்து முறை. இதன் பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்வலிக்கு அன்றாடம் போடுகிற டைக்ளோஃபினாக் உடலில் நீரைத் தேக்கும். நீர் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரவு முழுக்கப் படுத்தும் காலையில் வற்றாத வீக்கம், முகமும் சேர்ந்து வீங்குவது, கர்ப்பக் காலத்தில் திடீரென்று வீங்குவது ஆகியவை நின்றதால் வந்தவை என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. ஒரே காலில் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம்: தைலம் தேய்த்து உருவிவிடக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள்.