கண்டெய்னர் வீட்டில் இருந்த அனுபவம்: குசினி அருமை, வெக்கை பொல்லாதது

போன கிழமை தெரிந்த தங்கச்சி ஒருத்தி போன் எடுத்துக் கேட்டாள்: "அக்கா, கவுன்சில் எங்களுக்குக் கண்டெய்னர் வீடு தரப்போகுதாம், நீங்கள் இருந்தனீங்கள்தானே, எடுக்கலாமோ?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை. இதே கேள்வியோடு லண்டனில் கன தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் என்பதால் எழுதியே விடுகிறேன்.

கப்பல் பெட்டியை வெட்டி, யன்னல் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வீடில்லாதவர்களைக் குடிவைக்கும் ஏற்பாடு இது. பிரைட்டனில் 2013 கடைசியில் 36 பெட்டிகளோடு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு திட்டத்துக்கென்று செய்து, அது கைகூடாமல் போனதால் இங்கே வந்த பெட்டிகள். பிறகு லண்டனிலும் சில கவுன்சில்கள் குடும்பங்களை வைக்கத் தொடங்கின.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. அதற்கு முன் ஒரே அறையில் இருந்தோம், குசினி பொது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தைக் கவுன்சில் அப்படியான தனியார் விடுதியில் 6 கிழமைக்கு மேல் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, எங்கள் விஷயத்தில் அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. அடுப்புக்கு வரிசையில் நின்று, கறி மணக்குது என்று பேச்சு வாங்கி, பிள்ளைகளுக்குப் பாணும் ஜாமும் கொடுத்த நாட்கள்தான் கூட. கண்டெய்னருக்கு வந்த அன்று எனக்கென்று ஒரு அடுப்பு, எனக்கென்று ஒரு சாவி. மீன் பொரித்தேன், யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. அந்தக் குசினிக்காக மட்டும் இந்தப் பெட்டியை நான் வாழ்நாள் முழுக்க வாழ்த்துவேன்.

அப்புறம் கோடை வந்தது.

எங்களுடையது மேல்தட்டு. எல்லா யன்னலும் ஒரு நுனியில், அதுவும் மேற்குப் பக்கம். பிள்ளைகள் விழுந்துவிடக்கூடாது என்று யன்னலுக்குத் தடுப்புப் போட்டிருக்கிறார்கள், உள்ளங்கை அகலத்துக்குத்தான் திறக்கும். அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காற்று குறுக்கே போக வேண்டும் என்றால் மறு நுனியில் உள்ள வாசல் கதவைத் திறக்க வேண்டும், இரவில் யார் கதவைத் திறந்துபோட்டுப் படுப்பது? 2022 ஜூலை 19, பிரித்தானியாவில் முதல்முறையாக வெயில் 40 பாகையைத் தாண்டிய நாள். யன்னல் ஓரம் மகள் வைத்திருந்த மெழுகுக் கலர்கள் இளகிக் கட்டையோடு ஒட்டிவிட்டன, நடுச்சாமத்திலும் பிள்ளைகளின் அடுக்குக்கட்டிலின் மேல்தட்டில் கை வைத்தால் சூடு. மகன் வெறும் தரையில்தான் படுத்தான்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. இந்தப் பெட்டிகள் கோடையில் அவிகின்றன, குளிரில் விறைக்கின்றன என்று இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2019லேயே அறிக்கையில் சொல்லியிருந்தார். எங்கள் முறைப்பாட்டுக்கு வந்த பதில், "மின்விசிறி வாங்குங்கள்." எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. தகரக் கூரைக்கு மேல் கிடுகு போட்டால் வெக்கை இறங்கும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மேல்தட்டுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு கூரை, மேற்கு யன்னல்களுக்கு வெளிப்பக்கம் ஒரு மறைப்பு, இவ்வளவுதான் கேட்டோம்.

குளிர்காலம் வேறு கதை. சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, நான்கு பேருடைய மூச்சு எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள்தான் சுற்றும், போய்க் குளிர்ந்த இடத்தில் தண்ணீராய் வடியும். காலையில் எழும்பியதும் யன்னலைத் துணியால் துடைப்பதுதான் முதல் வேலை, கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சணம். வெப்பமூட்டி மின்சாரத்தில் ஓடுவது, மீட்டரோ முன்கூட்டியே காசு போடுவது, மாதக் கடைசியில் போர்வைக்குள்தான் இருந்தோம்.

சூழலுக்கு நல்ல வீடு என்று விளம்பரப் பலகையில் எழுதியிருந்தார்கள். பழைய இரும்பு வீணாகாமல் வீடாவது நல்ல காரியம்தான். ஆனால் வீட்டுக்கு எடுக்கும் பெட்டிகளில் கனக்க ஒரே ஒரு கடல் பயணம் போன, புதிது மாதிரியான பெட்டிகள். குளிரில் அவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிற வீட்டைப் பச்சை வீடு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஒரு பெட்டியின் உள் அகலம் 2.35 மீற்றர், சுவருக்குள் வெப்பக்காப்பு அடித்தபின் இன்னும் குறையும். தனி ஆளுக்கு இது போதும், பிரைட்டனில் அப்படித்தான் கொடுத்தார்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கோடைக்கு மேல் இது வீடே இல்லை. குசினியை அவ்வளவு வாழ்த்திவிட்டு இப்படிச் சொல்கிறேன், இரண்டும் என் அனுபவம்தான்.

சரி, தங்கச்சிக்குச் சொல்வது இது. மறுக்காதே. பொருத்தமான வீட்டை மறுத்தால், உனக்கு வீடு தரவேண்டிய கடமை முடிந்தது என்று கவுன்சில் கை கழுவலாம். ஏற்றுக்கொண்டு, அது தற்காலிகமாக விசாரணை முடியும்வரை தந்த இடம் இல்லாமல், பிரதான கடமை (main duty) என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டு தந்த வீடு என்றால், வீடு பொருத்தமில்லை என்று 21 நாளுக்குள் எழுத்தில் மீளாய்வு கேள், குடியிருந்துகொண்டே கேட்கலாம். கீழ்த்தட்டு இருக்கிறதா என்று விசாரி. கையெழுத்துப் போட முன்னர் ஒரு பின்னேரம் நேரில் போய் யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். மேற்கு என்றால் அதையும் பிள்ளைகளின் வயதையும் மீளாய்வுக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது.