விண்வெளிச் சிறைமீட்பு: புத்தகமா, கைப்பேசியா?

துரோகிகளிடமிருந்து கைதியை மீட்கும் விண்வெளிக் காமிக்ஸில் உயிர்நாடியே துரோகியின் முகம் தெரியும் இடம்தான். புத்தகத்தில் ஓவியர் வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் முடிச்சுப் போட்டு நிறுத்துவார். தாளைத் திருப்பினால்தான் ஆள் தெரியும். கட்டம் கட்டமாக நகரும் கைப்பேசியில் அந்தத் திருப்பம் இன்னொரு தள்ளலாகக் கரைந்துவிடும். இருபக்கம் விரியும் கப்பல் போரோ தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, எது யார் கப்பல் என்றே தெரியாது. 1934இல் தொடங்கிய ஃபிளாஷ் கார்டன் என்ற விண்வெளிக் காமிக்ஸின் ஞாயிறு வண்ணப் பக்கங்கள் நாளிதழின் அகலத்துக்கு வரையப்பட்டவை. அவற்றைக் கைப்பேசியில் பார்ப்பது பாவம்!

கைப்பேசிக்கும் சாதகம் உண்டு. கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் மாறும் நெரிசலிலும் ஒரு கையால் படிக்கலாம். விலையும் பெரும்பாலும் குறைவு. கேஎல்சிசி கினோகுனியா புத்தகக் கடையில் கெட்டி அட்டைத் தொகுப்பைத் தொட்டால் பணம் கரையும். ஆனாலும் என் ஓட்டு புத்தகத்துக்குத்தான். சம்பளம் வந்த வாரத்தில் மட்டும்.